ஒரு தாள் இடைவெளி

போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றோம், நானும் மகளும். பக்கத்தில் ஒருவர் தரையில் பொலித்தீன் விரித்து சாமான் பரப்பியிருந்தார். சீப்பு, முகக்கண்ணாடி, டோர்ச், பூட்டு, மடக்குக் கத்தி. "எத எடுத்தாலும் நூறு! நூறு! நூறு!" மழைச் சத்தத்தையும் மீறி அவர் குரல் வந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒரு விலையை இத்தனை பேர் நடுவில் இவ்வளவு உரக்க, கூச்சமே இல்லாமல் ஒருவரால் எப்படிச் சொல்ல முடிகிறது? நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஒரு விலையை நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன். அதிலும் பாதிப் பெருமை என் கைக்குழந்தைக்குச் சேரும். அதை அப்புறம் சொல்கிறேன்.

மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பாடத்துக்கு அட்டை வெட்ட வேண்டுமாம். கிளிப்பச்சை நிறப் பிடி போட்ட கத்தி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். நான் வாங்கி விரித்தேன். நனைந்த தீப்பெட்டியைத் திறப்பதுபோல் சத்தமில்லாமல் திறந்தது. அலகை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தேன். என்னை அறியாமல் அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

"ஆடுது."

கடைக்காரர் கோபப்படவில்லை. "நூறு ரூவாய்க்கு ஆடாமெ இருக்குமா அக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே.

கத்தியைத் திரும்ப வைத்துவிட்டேன். பிறகு பஸ்ஸில் வீடு வரும்வரை, வாங்கிக் கொடுத்திருக்கலாமோ என்று யோசித்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கத்தி வேண்டாம் என்று நினைத்தது சரிதானே என்றும் யோசித்தேன். வாங்காத கத்தி அவள் விரலை வெட்டிவிட்டதாகக்கூட ஒரு கணம் பயந்தேன். நான் இப்படித்தான். ஆனால் அந்த ஒரு சொல், ஆடுது, அது மட்டும் பசறைக்கு அப்பால் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்துக்கு, ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் பிறந்தது தெமோதரைப் பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் ரயிலில் பதுளைக்கு வந்து உயர்தரம் படித்தேன். வர்த்தகப் பிரிவு. எங்கள் லய வரிசையில் உயர்தரம்வரை போனவள் நான் ஒருத்திதான். அதனால் மடுல்சீமைக்குக் கலியாணமாகி வந்தபோது புகுந்த வீட்டில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. யாருக்காவது கடிதம் எழுத வேண்டுமா, மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமா, கூப்பிடு மருமகளை. என் கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின் திருத்துபவருக்கு உதவியாளாக இருந்தார். மூன்று வருடமாக 'காசுவல்'. அதாவது வேலை உண்டு, நிரந்தரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்தோப்பில், எங்கள் காம்பராவுக்கு முன்னால் இருந்த அந்த நாலடி இடத்தில் உட்கார்ந்து, மடக்குக் கத்தி செய்வார்.

அந்தக் கத்திகள் எதிலிருந்து வந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அலகுக்குத் தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடிகளை வெட்டிக் குறுக்கும் ஆண்கள், தீட்டித் தீட்டி ஒரு நாள் அது பிறை நிலா அளவு ஆனதும் கூரைக்குள் செருகிவிடுவார்கள். அதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிடிக்கு, பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூர். உள்தகட்டுக்குப் பழைய மண்ணெண்ணெய் அடுப்பின் பித்தளை. ஆணிக்குக் குடைக் கம்பி. எங்கள் பக்கத்து மழைக்கும் காற்றுக்கும் உடைந்த குடைக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை.

பழைய அலகை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ஆறவிடுவார். அப்போது இரும்பு இளகும். வெட்டி, அரத்தால் ராவி உருவம் வந்த பிறகு மறுபடி காய்ச்சித் தேங்காய் எண்ணெயில் தோய்ப்பார். இப்போது கெட்டியாகும், ஆனால் கண்ணாடிபோல் உடையும். அந்த உடைகிற குணத்தைப் போக்க அதைச் சூடான கல்லில் வைத்து வைக்கோல் நிறம் வரும்வரை வாட்ட வேண்டும். கல் என்றால் என் ரொட்டிக்கல். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். சில திங்கட்கிழமைகளில் எங்கள் ரொட்டிக்குக் கருகின எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இப்போதும் எங்காவது எண்ணெய்ச் சட்டி தீய்ந்தால், ஐயோ அடுப்பில் என்னவோ என்று பதறுவதற்கு முன்னால் ஒரு நொடி எனக்குப் பசிக்கும்.

கத்தியின் முதுகில் ஒரு வில் இருக்கும். அலகை விரித்தால் அந்த வில் வந்து விழுந்து பிடித்துக்கொள்ளும். டக். அவ்வளவுதான் சத்தம். அந்தச் சத்தம் சரியாக வரும்வரை அவர் சாப்பிட வரமாட்டார்.

இவ்வளவும் செய்கிற மனிதருக்கு விலை சொல்ல மட்டும் வராது. யாராவது "எவ்வளவுங்க?" என்றால் அவர் முகம் திருடிப் பிடிபட்டவர் முகம்போல் ஆகும். "பாத்துக் குடுங்க" என்பார். பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம். அரைப் போத்தல் தேங்காய் எண்ணெய். ஒருவர் சேவல் கொடுத்தார். அந்தச் சேவல் சாயங்காலமே நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டது. போய்க் கேட்கவும் இவருக்குக் கூச்சம்.

என் மாமியார் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் என்னிடம் வந்தார். "படிச்சவதானே நீ? அந்தக் கத்திக்கு ஒரு வெலை போடேன். சும்மா புத்தகத்தப் பாத்துக்கிட்டே இருக்க."

போட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி கொப்பியில் கோடு கிழித்துப் போட்டேன். மூலப்பொருள், கூலி, மேந்தலைச் செலவு என்கிற மற்றச் செலவுகள். மூலப்பொருள் என்ற இடத்தில் எழுத எதுவுமே இல்லை. எல்லாம் எறிந்த சாமான். மேந்தலைச் செலவு என்று ரொட்டிக்கல்லையா எழுதுவது? மிஞ்சியது கூலி. அதை எந்தக் கணக்கில் போடுவது என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் எங்கள் கண் முன்னாலேயே இருந்த ஒன்று தெரிந்தது. பேர்.

தோட்டத்தில் முழு நாள் வேலைக்குச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால், பிந்திப்போனால் அரைப்பேர். ஒரு பேர் என்றால் என்ன என்று லயத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முதுகுக்குத் தெரியும். ஒரு கத்திக்கு அவருடைய இரண்டு ஞாயிறு போகிறது. ஆகவே விலை, இரண்டு பேர். சம்பளம் கூடினால் கத்தி விலையும் தானாகக் கூடும். என் வர்த்தக ஆசிரியர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா, புள்ளியைக் குறைத்திருப்பாரா தெரியாது. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் விலையைக் கண்டுபிடிப்பது வேறு, சொல்வது வேறு. முதலில் வந்தவர் கவ்வாத்து வெட்டும் சுப்பையா அண்ணன். "ரெண்டு பேரு, அண்ணே" என்றேன். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நானே, "இல்லாட்டி ஒன்றரைன்னாலும்..." என்று இழுத்துவிட்டேன். மாமியார் பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினார்.

"ரெண்டு நாள் சம்பளமா?" என்று சுப்பையா அண்ணன் கண்ணை விரித்தார்.

"ஏன்டா, அவன் ரெண்டு நாள் ஒக்காந்து ராவுனானே, அது ஒனக்கு நாளாத் தெரியலியா?" என்றார் மாமியார். "நீ ரெண்டு நாள் வெட்டுன செடி மறுபடி தளுத்துரும். இந்தக் கத்தி ஒன் மகன் காலத்துக்கும் இருக்கும். எடு, எடு." அண்ணன் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "வெலை சொன்னா வாய மூடிக்கணும். அடுத்த வார்த்தை வாங்க வந்தவன் வாயிலதான் வரணும். வெளங்குதா?"

விளங்கியது. செய்யத்தான் முடியவில்லை. ஒவ்வொரு கத்திக்கும் விலையைச் சொன்ன கையோடு நானே குறைத்தேன், ஒவ்வொரு தடவையும் கிள்ளு வாங்கினேன்.

சுப்பையா அண்ணனின் கத்தியை மலையில் வைத்துச் சின்னத்துரை பார்த்துவிட்டார். சின்னத்துரை என்றால் தோட்டத்து உதவி மேலாளர். சிங்களவர், இளைஞர். வேலைக்கு வந்த பிறகு தோட்டத்திலேயே தமிழ் பழகியவர். நன்றாகவே பேசுவார். மரியாதைச் சொற்களை மட்டும் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. "எனக்கும் ஒண்ணு செய்யச் சொல்லு" என்று ஆளனுப்பிவிட்டார்.

அங்கேதான் எங்கள் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. துரைமார் பங்களாவிலிருந்து ஒன்று கேட்டால் அதற்கு விலை கிடையாது. பப்பாசிப் பழமோ கோழியோ அது அப்படித்தான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, யாரும் மீறினதுமில்லை. அதோடு அந்த மாதம்தான் காசுவல் ஆட்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் எழுதும் மாதம். எழுதுகிறவர் சின்னத்துரை.

"சும்மா குடு. பட்டியல்ல ஒன் பேரு தானா விழும்" என்றார் மாமியார்.

என் கணவர் அரத்தை நிறுத்தாமலே சொன்னார். "சும்மா குடுத்தா அது கத்தி இல்லம்மா. அது லஞ்சம்."

"வெலை சொல்லுவியா அப்ப? தொரைக்கிட்ட?"

அவர் இன்னும் பலமாக ராவினார். அந்தக் கத்திக்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்று ஞாயிறு. பிடியில் தேயிலைத் தூரின் வரி ஓடும் பக்கம் பார்த்துப் பார்த்து எடுத்தார். ராவும்போது இடது பெருவிரலைச் சீவிக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு, கடைசி வேலை. அலகையும் தகடுகளையும் சேர்த்து ஆணி அடிக்க வேண்டும். அப்போது தொழிற்சாலையில் ஏதோ மெஷின் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். "நீ அடிச்சு முடிச்சிரு. நீதான் பாத்திருக்கியே. அலகுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு தாள் வச்சு அடி. அடிச்சப்பறம் தாளை இழுத்துரு" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அந்தத் தாள்தான் எல்லாம். தாள் வைக்காமல் அடித்தால் கத்தி விரியாது. தாளின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில்தான் அலகு நடமாடும். நான் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எண்ணெயில் தொட்டு வைத்தேன். பிள்ளையை மடியில் ஒரு பக்கம் இருத்திக்கொண்டு சுத்தியலை எடுத்தேன். எடுத்ததும் யோசனை. சின்னத்துரையின் விரல்கள் பேனா பிடிக்கிற விரல்கள். கத்தி இறுக்கமாக இருந்து, நகம் உடைந்து, பட்டியல் எழுதும் நேரத்தில் அந்த நகம் அவருக்கு ஞாபகம் வந்தால்? இன்னொரு தாள் கிழித்தேன். இரண்டையும் வைத்து அடித்தேன்.

கத்தி வெண்ணெய்போல் விரிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவரிடம் தாள் கணக்கைச் சொல்லவில்லை. அவர் களைத்து வந்து, ஒரு தடவை விரித்து மடக்கிவிட்டு, "நல்லாத்தான் அடிச்சிருக்க" என்றார்.

அடுத்த நாள் பிற்பகல் சின்னத்துரை லயத்துக் கான்களை, தண்ணீர் ஓடும் வடிகால்களை, பார்க்க வந்தவர் எங்கள் இஸ்தோப்புக்கு முன்னால் நின்றார். காலை வேலை முடிந்து என் கணவரும் வீட்டில் இருந்தார். மாமியார் கத்தியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் பலகையில் வைத்தார். சின்னத்துரை எடுத்துப் பார்த்தார். விரித்தார். டக்.

"நல்லா இருக்கு. எவ்வளவு?"

ஒரு பேச்சுக்குக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்பார்கள், வேண்டாம் என்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். என் கணவர், "ஐயோ, அதெல்லாம் வேணாங்க தொரை" என்றார். சொல்லும்போதே துணி சுற்றிய பெருவிரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதை நான் பார்த்துவிட்டேன். லஞ்சம் என்று சொன்ன மனிதர், தன் காயத்தை ஒளிக்கிறார்.

"ரெண்டு பேருங்க, தொரை" என்றேன்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குப் பேர் போடுகிறவரும், அதைப் பாதியாக வெட்டுகிறவரும் சின்னத்துரைதான். அவரிடம் அவருடைய அளவுகோலாலேயே விலை சொல்லியிருந்தேன். 'இல்லாட்டி பாத்துக் குடுங்க' என்ற வார்த்தை தொண்டையிலிருந்து வாய்க்கு வந்தேவிட்டது. அந்த நொடியில் இடுப்பில் இருந்த இதே மகள், அப்போது ஒன்பது மாதப் பிள்ளை, தன் கை முஷ்டியை அப்படியே என் வாய்க்குள் திணித்தாள். பல் முளைக்கிற காலத்தில் தன் வாய் என் வாய் என்ற வித்தியாசம் இல்லை அவளுக்கு. நான் அதை இழுத்து எடுப்பதற்குள் சின்னத்துரை பேசிவிட்டார்.

"ரெண்டு பேர். சரி. ஆபீசுக்கு வா." கத்தியைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபமா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாலாம் நாள் ஆபீஸ் பியோன் கடதாசியில் சுற்றின ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். பணம் என்று நினைத்தேன். உள்ளே கத்தி. "தொரை சொன்னாரு, ஆடுதாம்" என்றார் பியோன்.

"நல்லா வெலை சொன்ன" என்றார் மாமியார். அத்தோடு அடுப்படிக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன். என் கணவரின் மூன்று வருடத்தை என் ஒரு வாயால் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தியை விரித்தார். நுனியைப் பிடித்து அசைத்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து அசைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனை தாள் வச்ச?"

"ரெண்டு."

"ஏன்?"

"தொரைக்கு நகம் ஒடஞ்சிருமேன்னு."

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அடுப்படியிலிருந்து மாமியார் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார். பிறகு என் கணவர் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "இத்தனை வருசத்துல ஒரு கத்தி திரும்பி வரல. எல்லாம் நல்லா இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வாழப்பழம் குடுத்தவன் எப்படி வந்து ஆடுதும்பான்? இவருதான் கொறைக்காம வெலைய ஏத்துக்கிட்டாரு, கொறையச் சொல்றாரு. இப்பதான்டி இது கத்தி."

அடுத்த ஞாயிறு ஆணியை அறுத்தெடுத்து, பித்தளையில் இரண்டு மெல்லிய வளையம் வெட்டிப் போட்டு, ஒரு தாள் வைத்து, அவரே அடித்தார். "நாலு ஞாயிறாச்சு. ரெண்டு பேரு கூட்டிக் கேக்கலாமா?" என்று என்னைக் கேலி செய்தார். ஆபீசுக்கு அவர் வரவில்லை. "வெலை சொன்னவங்கதான் கொண்டு போகணும்" என்றுவிட்டார்.

ஆபீஸ் என்றால் எங்களுக்கு வெளியே இருந்து ஜன்னல்வழி பார்க்கிற இடம். அன்றைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றேன். சின்னத்துரை கையை நீட்டினார். நான் கத்தியை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன்.

"ஏன், கையில குடுக்க மாட்டியா?"

"கத்திய கையில குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்க, தொரை. கீழ வச்சுத்தான் எடுக்கணும்."

அவர் எடுத்தார். விரித்தார். டக். அலகின் நுனியைப் பிடித்து இப்படி, அப்படி. அலகு அசையவில்லை. மடக்கினார். மறுபடி விரித்தார். "இப்ப சரி" என்றார். "இனி ஆடினா?"

"கொண்டு வாங்க தொரை. எப்ப ஆடினாலும் சும்மா சரிபண்ணித் தருவோம்."

யோசிக்காமல் சொன்னேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அவர் பணத்தை எடுத்தார். என் கையில் தர வந்தவர், என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே மேசையில் வைத்தார். "இதுவும் கீழ வச்சுத்தான் எடுக்கணும், இல்லையா?"

எடுத்துக்கொண்டு வந்தேன். பாதிவழியில், தேயிலைக்கு நடுவே வரும்போதுதான் கவனித்தேன். துரைமாரிடம் எதை வாங்கினாலும் இரண்டு கையாலும் குனிந்து வாங்குகிறவர்கள் நாங்கள். அன்றைக்கு ஒரு கையில் பிள்ளை. மற்றக் கையால் மட்டும், நின்றபடி, மேசையிலிருந்து எடுத்திருந்தேன். அப்படியே நின்று தொழிற்சாலைப் பக்கம் பார்த்தேன். ஓடிப்போய் அவரிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. பிறகு, மரியாதைக் குறைவாக நடந்துவிட்டேனோ என்ற பயமும் வந்தது. இருந்தாலும் பயம் பின்னால்தான் வந்தது. அது முன்னால் வராத நாட்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

சில மாதங்களில் அவருடைய வேலை நிரந்தரமானது. கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார் அவர். எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

இப்போது பதுளையில் வாடகை வீடு. அவர் ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே விலையை முதலாளி சொல்கிறார். மாமியார் எங்களோடுதான், முருங்கைக்காய்க்காரனோடு தினமும் பேரம் பேசுகிறார். சின்னத்துரை வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார், கத்தியோடு. பெருமழை வருடம் ஒன்றில் மண் சரிந்தபின் எங்கள் லய வரிசையை இடித்துவிட்டார்கள். அந்த இஸ்தோப்பு இருந்த இடத்தில் இப்போது கான் ஓடுகிறது. எதற்கும் யாரும் பேர் கணக்கில் விலை சொல்லிக் கேட்டு நாளாயிற்று.

இந்த வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பழைய பால்மாவு டின் இருக்கிறது. வீடு மாறும் ஒவ்வொரு தடவையும் அவர் எறியப் பார்ப்பார், நான் விடுவதில்லை. பஸ் நிலையத்திலிருந்து வந்த அன்று மகள் அதை இறக்கித் தரச் சொன்னாள். திறந்து காட்டினேன். கொஞ்சம் குடைக் கம்பி. ஐந்தாறு பித்தளை வளையம்.

"இது எதுக்கும்மா?"

"ஒரு கத்தி இருக்கு. அது ஆடினா சரிபண்ணித் தர்றேன்னு அம்மா ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"அவங்களுக்கு நம்ம வீடு தெரியுமா?"

தெரியாது. தேடி வந்தாலும் லயம் இருந்த இடத்தில் கானைத்தான் பார்ப்பார். ஒருவேளை கத்தி தொலைந்திருக்கலாம். ஒருவேளை அது ஆடவே இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடமாக ஆடாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் அவள் தூங்கப் போவதற்கு முன்னால் அவளுடைய கொப்பியைக் கேட்டு வாங்கி, கிழித்து, மடித்து அந்த டின்னுக்குள் வைத்தேன். ஒரே ஒரு தாள்.